கதவைச் சாத்திக் கணக்குப் பாருங்கள்: கடனில் சிக்கிய கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

2023 செப்டம்பரில் என்னிடம் இரண்டு கடன் அட்டைகள் இருந்தன. என் கணவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

மலேசியத் தலைநகர் கோலாலம்பூரின் செந்தூலில் வாடகை வீடு, இரண்டு சம்பளம், இரண்டு பிள்ளைகள், ஞாயிறு தவறாத சபை வாழ்க்கை. வெளியிலிருந்து பார்த்தால் எங்களுக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் அட்டைகளில் 5,100 ரிங்கிட்டும் 4,900 ரிங்கிட்டும் பாக்கி இருந்தன. தனிநபர் கடன் 14,000, கைப்பேசிச் செயலிகளில் தவணைக்கு வாங்கியது 1,130. எல்லாமே பிள்ளைகளுக்காக, பண்டிகைக்காக, சபையில் மற்றவர்களுக்கு முன் தலைகுனியாமல் இருப்பதற்காக வாங்கியவை. மாதம் பிறந்தால் 1,080 ரிங்கிட் குறைந்தபட்சத் தவணைகளிலேயே போய்விடும். ஜெபத்தில் பணத்தேவைக்காகக் கேட்பேன். கடன் என்ற சொல்லை மட்டும் ஜெபத்தில்கூட சொன்னதில்லை.

யாரிடம் போவது, எதை எடுத்துக்கொண்டு போவது என்று தெரியாமல் பல வாரங்கள் வீணாயின. வீணாய் 350 ரிங்கிட்டும் போனது. இதே இடத்தில் நிற்கும் குடும்பத்துக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் நாங்கள் செய்ததை வரிசையாக எழுதுகிறேன்.

1. வாழ்க்கைத் துணையிடம் சொல்லுங்கள்

இதற்கு ஒரு மாலை போதும். செலவு கிடையாது. ஆனால் எல்லாப் படிகளிலும் கடினமானது இதுதான். இதைத் தாண்டாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

காரில் போகும்போது சொல்லாதீர்கள். ஆராதனை முடிந்த கையோடும் வேண்டாம். சம்பளம் வந்த நாளும் வேண்டாம். பிள்ளைகள் தூங்கிய பிறகு, மறுநாள் இருவருக்கும் அவசரமில்லாத ஓர் இரவைத் தேர்ந்தெடுங்கள். வங்கிகளிடமிருந்து வந்த எல்லாக் கணக்கறிக்கைகளையும் மேசைமேல் வையுங்கள். "கொஞ்சம் கடன் இருக்கிறது" என்று தொடங்கினால் அந்தக் "கொஞ்சம்" உங்களைத் திரும்பவும் ஒளிய வைக்கும். மொத்தத் தொகையை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தில் வரும் விதவையை நினைத்துக்கொள்ளுங்கள். கடன்காரன் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்திருக்கிறான். எலிசா அவளிடம் உடனே பணம் தரவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். பிறகு பிள்ளைகளோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னார். பல வருடங்களாகக் கேட்ட பகுதிதான். ஆனால் அற்புதத்துக்கு முன்னால் ஒரு கணக்கெடுப்பு இருக்கிறது என்பது அந்த இரவில்தான் எனக்கு உறைத்தது.

நான் சொல்லி முடித்ததும் என் கணவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தத் தையல் இயந்திரமும் அட்டையில் வாங்கியதா?" என்றார். "ஆமாங்க" என்றேன். எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு துண்டுச்சீட்டைக் கொண்டுவந்தார். தம் மாமாவிடம் வாங்கிய 3,000 ரிங்கிட் கணக்கு அது. அது எனக்குத் தெரியாது. ஆக மொத்தம் 28,130. அன்றைக்குத்தான் எங்கள் வீட்டின் உண்மையான எண்ணை நாங்கள் இருவரும் பார்த்தோம்.

2. கடன்களை ஒரே தாளில் எழுதுங்கள்

இரண்டு மூன்று நாட்களில் முடிந்துவிடும். நம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சிசிரிஸ் எனும் கடன் விவர அறிக்கையில் உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கடன்களும், கடந்த 12 மாதங்களில் எப்படிக் கட்டினீர்கள் என்பதும் இருக்கும். இணையத்தில் பதிவுசெய்து இலவசமாகவே பார்க்கலாம். கணவன், மனைவி இருவரும் தனித்தனியாக எடுக்க வேண்டும். இது "கறுப்புப் பட்டியல்" என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. நன்றாகக் கட்டியதும் கட்டத் தவறியதும் இரண்டுமே அதில் இருக்கும். உறவினரிடம் வாங்கியது, நகைக்கடையில் பாக்கி வைத்தது போன்றவை அதில் வராது. கைப்பேசிச் செயலிகளில் எடுத்த தவணைகளும் வராமல் போகலாம். அவற்றை நீங்களே தேடி எழுதுங்கள்.

தாளில் ஐந்து பத்திகள் போதும்: யாரிடம், எவ்வளவு பாக்கி, வட்டி விழுக்காடு, மாதத் தவணை, கட்ட வேண்டிய தேதி.

வட்டிப் பத்தியை நிரப்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். நம் நாட்டில் கடன் அட்டை வட்டி நீங்கள் கட்டும் ஒழுங்கைப் பொறுத்து ஆண்டுக்கு 15, 17, 18 விழுக்காடு என்று மாறும். குறைந்தபட்சத் தவணை பாக்கியில் 5 விழுக்காடு. 5,000 ரிங்கிட் பாக்கியை 18 விழுக்காட்டில், புதிதாக ஒன்றும் வாங்காமல், குறைந்தபட்சம் மட்டும் கட்டி வந்தால் என்ன ஆகும்? ஓர் ஆண்டில் ஏறத்தாழ 2,500 ரிங்கிட் கட்டியிருப்பீர்கள். பாக்கியோ சுமார் 1,770 ரிங்கிட்தான் குறைந்திருக்கும். மீதி வட்டி. நான் ஆறு ஆண்டுகள் குறைந்தபட்சம் கட்டினேன், இடையில் வாங்கிக்கொண்டும் இருந்தேன்.

ஆண்டு வருமானம் 36,000 ரிங்கிட்டுக்குள் இருப்பவருக்கு இரண்டு வங்கிகளின் அட்டைகள்தான் கிடைக்கும், ஒவ்வொன்றிலும் மாதச் சம்பளத்தைப்போல் இரண்டு மடங்கு வரைதான் வரம்பு. அந்த வரம்பு வரை செலவழிக்க நமக்கு வசதி இருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன். அந்தத் தவறை நீங்கள் செய்ய வேண்டாம்.

3. முப்பது நாள் செலவை எழுதுங்கள்

கடன் எவ்வளவு என்று தெரிந்தாயிற்று. அது எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் ஓர் ஆண்டில் திரும்பவும் அதே இடத்துக்கு வந்து நிற்போம். ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் வாங்கிச் சாப்பாட்டு மேசையில் வையுங்கள். வீட்டில் யார் எதற்குச் செலவழித்தாலும் அன்றிரவே எழுத வேண்டும். ஐம்பது காசு என்றாலும் எழுதுங்கள்.

எங்கள் நோட்டில் முதலில் தெரிந்தது ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்ததும் நாலைந்து குடும்பங்களாகச் சேர்ந்து பேரங்காடிக்குப் போவது எங்கள் வழக்கம். பகல் உணவு, பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம், வாகன நிறுத்தக் கட்டணம், வெளியே வரும்போது "சும்மா பார்க்கலாம்" என்று நுழையும் ஒரு கடை. சராசரி 130 ரிங்கிட். மாதத்துக்கு நான்கு ஞாயிறு என்றால் 520. பின்னாளில் வங்கிகளுக்குக் கட்ட ஒப்புக்கொண்ட மாதத் தவணை 565. ஓய்வுநாளில் நாங்கள் செலவழித்ததும் எங்களைக் கடனிலிருந்து மீட்கத் தேவைப்பட்டதும் ஏறத்தாழ ஒரே தொகை. இதை எழுதும்போதும் என் மனம் கனக்கிறது.

அடுத்தது இணைய விற்பனை நாட்கள். 9.9, 10.10, 11.11, 12.12 என்று ஆண்டு முடியும் வரை மாதம் ஒன்றாக வரும். நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குக் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு விழித்திருந்திருக்கிறேன். மூன்று பாகமாய்ப் பிரித்துக் கட்டலாம் என்றால் 90 ரிங்கிட் சட்டை 30 ரிங்கிட்போலத் தெரியும். அப்படி ஆறு பொருள்கள் சேர்ந்தால் மாதத் தவணை எவ்வளவு என்று யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. இன்றைக்கே செயலிகளிலிருந்து அட்டை எண்ணை நீக்கிவிடுங்கள். வேண்டிய பொருளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, பத்து நாள் கழித்து மறுபடியும் பாருங்கள். எங்கள் பட்டியலில் பாதிக்குமேல் பத்தாவது நாளில் யாருக்கும் நினைவில் இல்லை.

பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். தொகையைச் சொல்லத் தேவையில்லை. "நாம் வாங்கிய பொருளுக்கு இன்னும் பணம் கட்டி முடிக்கவில்லை, முடிக்கும் வரை சில வழக்கங்களை நிறுத்துகிறோம்" என்றோம். பதினான்கு வயது மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒன்பது வயது மகள், "அப்படியென்றால் நாம் ஏழையா அம்மா?" என்று கேட்டாள். அதற்கு உடனே பதில் சொல்லாதீர்கள். நாங்களும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து, சபையில் வேலையிழந்த ஒரு குடும்பத்துக்கு அரிசியும் எண்ணெயும் கொண்டுபோனபோது அவளையும் அழைத்துப்போனோம். திரும்பும் வழியில் அவளே பேசத் தொடங்கினாள்.

ஒரு வழக்கத்தை நிறுத்தினால் அந்த நேரத்தில் வேறொன்றை வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாவது ஞாயிறு கால்கள் தாமாகப் பேரங்காடிக்குப் போகும். நாங்கள் சனிக்கிழமை இரவே புளிசாதமும் கோழிப் பொரியலும் செய்து, ஆராதனை முடிந்ததும் தித்திவங்சா ஏரிப் பூங்காவுக்கோ பெர்டானா தாவரவியல் பூங்காவுக்கோ போகிறோம். நடப்பதற்குக் காசில்லை. பழைய நண்பர் குடும்பங்களையும் கூப்பிட்டோம். முதலில் ஒரு குடும்பம்தான் வந்தது.

4. காணிக்கையைப் பற்றிப் போதகரிடம் பேசுங்கள்

கடனில் இருக்கும் விசுவாசக் குடும்பங்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. தசமபாகத்தை நிறுத்தினால் ஆசீர்வாதம் நின்றுவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம், பக்கத்து இருக்கையில் இருப்பவர் உறையைப் பார்ப்பாரோ என்ற கூச்சம் மறு பக்கம். கட்டட நிதிக்கு ஒரு தொகை வாக்குக்கொடுத்துவிட்டு, கெடு நெருங்கியபோது கடன் அட்டையிலிருந்து ரொக்கம் எடுத்துப் போட்டேன். அப்படி எடுக்கும் பணத்துக்கு வட்டியில்லா நாட்களே கிடையாது, எடுத்த நாளிலிருந்து 18 விழுக்காடு ஓடும், எடுப்பதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. அது என் காணிக்கை அல்ல. வங்கியின் பணத்தை என் பெயரில் உறையில் போட்டேன்.

எங்கள் போதகர் கண்டிக்கவில்லை. வாக்குக்கொடுத்த தொகையைத் தள்ளிவைக்கச் சொன்னார். இருக்கிற பணத்திலிருந்து மனப்பூர்வமாக முடிந்ததைக் கொடுங்கள், பணம் குறைவான நாட்களில் உழைப்பைக் கொடுங்கள் என்றார். மாதம் 100 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டோம். என் கணவர் சனிக்கிழமைகளில் ஆலய வளாகத்தைச் சுத்தம் செய்கிறார். பத்தில் ஒரு பங்கைக் குறைக்கவே கூடாது என்று உறுதியாக நம்புகிற குடும்பங்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய விசுவாசத்தோடு நான் வாதாட வரவில்லை. ஆனால் கடன் வாங்கிக் காணிக்கை போடாதீர்கள் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

5. ஏகேபிகேக்குப் போங்கள்

ஏகேபிகே என்பது பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய கடன் ஆலோசனை நிறுவனம். ஆலோசனை இலவசம். கடன் நிர்வாகத் திட்டத்தில் சேர்வதற்கும் கட்டணமில்லை. கோலாலம்பூரில் ஜாலான் ராஜா லாவுட்டில் இருக்கிறது, பினாங்கிலும் கிளை உண்டு. இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டு போங்கள். தமிழில் பேச விரும்பினால் முன்பதிவின்போதே கேளுங்கள்.

இத்திட்டம் முக்கியமாக வங்கிக் கடன்களுக்கானது. நீங்கள் திவாலானவராக இருக்கக் கூடாது. வீட்டுச் செலவு போகக் கையில் ஓரளவாவது மிஞ்ச வேண்டும். மூன்றாம் படியின் நோட்டு இங்கேதான் கைகொடுக்கிறது: மிச்சம் எவ்வளவு என்ற கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொல்ல முடிந்தது.

நாங்கள் எடுத்துப்போனவை இவை:
- இருவரின் அடையாள அட்டைகள்
- கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டுகள்
- ஊழியர் சேமநிதி அறிக்கை
- எல்லாக் கடன்களின் அண்மைய கணக்கறிக்கைகள், வங்கி அனுப்பிய எச்சரிக்கைக் கடிதங்கள்
- சிசிரிஸ் அறிக்கைகள்
- வாடகை ஒப்பந்தம், மின்சார, தண்ணீர்க் கட்டணச் சீட்டுகள்

ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் வையுங்கள். வங்கிக் கடிதம் ஒன்றை வீட்டில் விட்டுவிட்டுப் போனதால் எங்களுக்கு இரண்டு வாரம் தள்ளிப்போனது.

அவர்கள் வருமானத்தையும் செலவையும் பார்த்து ஒரு தவணைத் திட்டம் எழுதி வங்கிகளிடம் அனுப்புவார்கள். வங்கிகள் ஒப்புக்கொண்டால்தான் அது நடைமுறைக்கு வரும். எங்களுக்கு அக்டோபரில் முதல் சந்திப்பு, ஜனவரியில் முதல் தவணை. இரண்டு அட்டைகளும் தனிநபர் கடனும் சேர்ந்து மாதம் 565 ரிங்கிட், 48 மாதங்கள். அட்டைகள் ரத்தாகும். திட்டம் முடியும் வரை புதுக் கடன் எடுக்க முடியாது. கார் வாங்கும் எண்ணம் இருந்தால் இதை முன்கூட்டியே நினைத்துப் பாருங்கள்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. விண்ணப்பம் கொடுத்துவிட்டோம் என்று அந்த மூன்று மாதங்கள் கட்டாமல் இருந்துவிடாதீர்கள். வங்கிகள் ஒப்புக்கொள்ளும் வரை பழைய கடன் பழையபடியே ஓடும், அழைப்புகளும் வரும். திட்டம் தொடங்கிய பிறகு தவணை தவறினால் அது ரத்தாகலாம். சம்பளம் விழும் நாளுக்கு மறுநாளையே கட்டும் நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

திவால் என்ற சொல்லுக்குப் பயந்து ஒளிந்துகொள்ளும் குடும்பங்களுக்கு இதையும் சொல்கிறேன்: கடன் 100,000 ரிங்கிட்டை எட்டாமல் கடன் கொடுத்தவர் உங்கள்மீது திவால் வழக்குத் தொடுக்க முடியாது. பயத்தில் கடிதங்களைப் பிரிக்காமல் வைப்பதுதான் நிலைமையைக் கெடுக்கும்.

6. இடையில் வரும் பொறிகள்

என் 350 ரிங்கிட் போன கதை இங்கேதான். ஏகேபிகே பற்றித் தெரியும் முன், "உங்கள் கடனை நாங்கள் பேசிக் குறைக்கிறோம்" என்று வாட்ஸ்அப்பில் வந்த ஒரு நிறுவனத்துக்குப் பதிவுக் கட்டணம் கட்டினேன். ஒரு கோப்புறை கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அழைப்பை எடுக்கவில்லை. கடன் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவர்களும் இந்த வகைதான்.

வட்டி முதலைகளைப் பற்றிப் பத்திரிகையில் படிக்காதவர் இல்லை. ஆனாலும் கைமாற்றுக்கு ஆள் இல்லாத இரவில் கம்பத்தில் ஒட்டிய எண் கண்ணில் படும். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் பிணையில்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கச் சட்டம் இடம் தரவில்லை. வாரத்துக்கு இவ்வளவு என்று பேசுகிறவர் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார். அந்தக் கதவைத் தட்டாதீர்கள்.

பெண்கள் சேர்ந்து பிடிக்கும் கூட்டு, அதாவது சீட்டு, இன்னொன்று. நம்பிக்கையானவர்கள்தான், ஆலயத்தில் தினமும் பார்க்கும் முகங்கள்தான். ஆனால் கூட்டு நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஒருவர் பாதியில் நின்றுவிட்டால் போலீசுக்கும் போக முடியாது, சபையில் முகத்துக்கு முகம் பார்க்கவும் முடியாது. இரண்டு குடும்பங்கள் அப்படிப் பிரிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

2024 மே மாதத்திலிருந்து ஊழியர் சேமநிதியில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாவது கணக்கு வந்தது. மாமாவுக்கான 3,000 ரிங்கிட்டில் ஒரு பகுதியை அதிலிருந்து எடுத்துக் கட்டினோம். அதற்கு நான் வருந்தவில்லை, உறவு மிஞ்சியது. கைப்பேசி மாற்றுவதற்காக அதைத் தொடுவதாயிருந்தால் உங்கள் முதுமையிலிருந்து எடுக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

7. கிறிஸ்துமஸை ஆகஸ்டில் தொடங்குங்கள்

பேரங்காடிகளில் நவம்பரிலேயே நட்சத்திரமும் பனிமனிதனும் வந்துவிடும். அப்போது யோசிக்கத் தொடங்கினால் தாமதம். ஆகஸ்ட் முதல் மாதம் 120 ரிங்கிட் தனியாக எடுத்துவைத்தால் நவம்பர் முடிவில் 480 இருக்கும். எங்கள் கிறிஸ்துமஸ் மொத்தமும் அதற்குள்தான்: உடை, பலகாரம், விருந்தினர் சாப்பாடு எல்லாம்.

உடையில் ஒரு முடிவு எடுங்கள். கிறிஸ்துமஸுக்கு ஒன்று, புத்தாண்டு ஆராதனைக்கு இன்னொன்று என்று இரண்டு செட் எடுப்பது எங்கள் வழக்கம். இப்போது ஒன்று. மஸ்ஜிட் இந்தியா கடைத்தெருவில் துணி எடுத்து நானே தைக்கிறேன், அந்த இயந்திரத்துக்கு ஒரு நியாயம் கிடைத்திருக்கிறது.

கேரல் குழு வரும் இரவு இன்னொரு சோதனை. நாற்பது பேர் வருவார்கள். சென்ற வீட்டில் பிரியாணி என்றால் அடுத்த வீட்டில் அதைவிட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும் என்ற போட்டியை யாரும் வாயால் சொல்வதில்லை. முதல் ஆண்டு கஞ்சியும் பருப்பு வடையும் சுடச்சுடக் கொடுத்தோம். கை நடுங்கத்தான் பரிமாறினேன். பாத்திரம் காலியானது. மறு ஆண்டு வேறு இரண்டு வீடுகளில் வடையும் தேநீரும் மட்டும் இருந்தன.

ஆண்டிறுதி போனஸ் வந்தால் பண்டிகைக்குக் கொடுக்காதீர்கள். 2026 முதல் பள்ளி ஆண்டு மீண்டும் ஜனவரியில் தொடங்குவதால் சீருடை, காலணி, பேருந்துக் கட்டணம் எல்லாம் கிறிஸ்துமஸோடு ஒட்டியே வரும். அரசாங்கம் ஒவ்வொரு மாணவருக்கும் தரும் 150 ரிங்கிட் உதவி காலணிக்கும் பைக்கும் சரியாகிவிடும், மற்றதற்கு போனஸ்.

8. கட்டி முடிக்கும்போது

சிறிய கடன்களை முதலில் முடியுங்கள். செயலித் தவணைகளை நான்கு மாதத்தில் முடித்தோம். அந்தத் தாளில் ஒரு வரியை அடித்த அன்று என் மகனே பேனாவை வாங்கிக் கோடு போட்டான்.

ஒவ்வொரு கடன் முடியும்போதும் வங்கியிடம் கணக்கு மூடப்பட்டதற்கான கடிதம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தொலைபேசியில் "முடிந்துவிட்டது" என்பது போதாது. அட்டைக்கு ஆண்டுதோறும் 25 ரிங்கிட் சேவை வரி உண்டு. கணக்கு சரியாக மூடப்படாவிட்டால் அது பாக்கியாக நின்று, தாமதக் கட்டணமும் சேரும். கடிதம் வாங்கி இரண்டு மாதம் கழித்து சிசிரிஸை மறுபடி எடுத்து, பாக்கி பூஜ்ஜியமாக இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் கடைசித் தவணை 2027 டிசம்பரில். அந்த ஆண்டின் நாட்காட்டி இன்னும் வரவில்லை என்பதால், சிசிரிஸ் எடுக்க வேண்டிய 2028 பிப்ரவரியை அந்த நோட்டின் அட்டையிலேயே எழுதி வைத்திருக்கிறோம்.